எரிக்காவிட்டால் இருக்காது

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் நடை குலையாமல் அச்சிடப்படுகிறது.)



ஜெர்மனியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், அங்கே பார்த்த ஏதாவது ஓர் இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். உங்களில் பலர் ஆல்ப்ஸ் மலையையோ ரைன் ஆற்றங்கரைக் கோட்டைகளையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது 169 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றைப் பற்றி. சிரிக்கிறீர்கள். அங்கே அதற்கு மலை என்றே பெயர். சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமாக எதுவும் இல்லை.

ஹாம்பர்குக்குத் தெற்கே, ஹானோவருக்கு வடக்கே, லூனெபுர்க் ஹைடெ என்று ஒரு நிலப்பகுதி இருக்கிறது. 'ஹைடெ' என்பது அந்த நிலத்துக்கும் பெயர், அங்கே முளைக்கும் செடிக்கும் பெயர். முழங்கால் உயரக் குத்துச்செடி. தண்டு கம்பி போல இருக்கும். அதைக் கட்டித் துடைப்பம் செய்ததால் துடைப்பச்செடி என்று அர்த்தம் வரும் பெயரும் அதற்கு உண்டு. ஆகஸ்ட் மாதம் பூக்கும். எட்டாம் மாதம் எட்டாம் தேதி தொடங்கி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி வரை என்று ஊர்க்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதம் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறம். நாட்காட்டிகளிலும் தேன் புட்டிகளிலும் நீங்கள் பார்க்கும் படம் அதுதான்.

நான் முதல்முறை போனது ஏப்ரலில். விவரம் தெரியாமல் போய்விட்டேன். உண்டெலோ என்ற சிற்றூரில் இறங்கி அரை மணி நேரம் நடந்ததும் காடு விலகியது. எதிரே ஊதா இல்லை, பச்சைகூட இல்லை. பழுப்பு. அதற்கு அப்பால் ஒரு பெரிய பரப்பு கறுப்பாகக் கருகிக் கிடந்தது. திரும்பி வந்து, ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டுத் தேன் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "காட்டுத்தீயா அம்மா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தீ தானாகப் பிடிக்கவில்லை. நாங்கள்தான் வைத்தோம். எரிக்காவிட்டால் இது இருக்காது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பொருள் தேடித்தான் அதற்குப் பிறகு நாலைந்து முறை அதே பாதையில் நடந்தேன். இன்று உங்களையும் ஒருமுறை கூட்டிப்போகிறேன்.

பாதையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜெர்மானியர்களிடம் 'ருண்ட்வாண்டர்வேக்' என்று ஒரு சொல் இருக்கிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும் நடைபாதை. நாம் நடந்தால் ஒரு கோயிலுக்கோ அருவிக்கோ போய்ச் சேர வேண்டும். இவர்கள் காலையில் ஊரைவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் அதே ஊருக்கு வந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதற்கென்று சங்கங்கள் இருக்கின்றன. கருங்காட்டுப் பகுதியில் 1864ல் தொடங்கிய சங்கம்தான் அங்கே மூத்தது. மரத்தில் வண்ணக்குறி தீட்டுவது, அம்புக்குறி பலகை நடுவது, ஒடிந்து விழுந்த கிளையை அப்புறப்படுத்துவது என்று பல இடங்களில் இந்த வேலையைச் சம்பளமில்லாத தொண்டர்களே செய்கிறார்கள். பாதை இருந்துகொண்டே இருப்பதற்கும் ஆள் வேண்டும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பாதை உண்டெலோவில் தொடங்கி, தெற்கே வில்செடெ என்ற குக்கிராமத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பைத் தொட்டு, வில்செடெ குன்றின் மேல் ஏறி இறங்கி, மறுபடி உண்டெலோவுக்கு வருகிறது. என் கைபேசிக் கணக்கில் பதினைந்து கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பாதை முழுக்க மணல். கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டும். கடற்கரையில் ஐந்து மணி நேரம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்டெலோவில் கருங்கல்லைச் செதுக்காமல் அப்படியே அடுக்கிக் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. மணிக்கூண்டு தனியாக, மரத்தால் ஆனது, பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கற்களைப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் பாறையே கிடையாது; தோண்டினால் மணலும் சரளையும்தான். பிறகு கல் எங்கிருந்து வந்தது? ஸ்காண்டிநேவியாவிலிருந்து. பனியுகத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் தன் வயிற்றில் சுமந்து வந்த கற்கள் அவை. பனி உருகிப் பின்வாங்கியபோது, முன்னால் தள்ளிக்கொண்டு வந்த மணலையும் கல்லையும் அப்படியே குவித்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் குவியல்தான் நாம் ஏறப்போகும் குன்று. வயலை உழும்போது தட்டுப்பட்ட கற்களைப் பொறுக்கித்தான் வேலியும் அடித்தளமும் தேவாலயமும் கட்டினார்கள்.

ஊரைத் தாண்டியதும் குதிரை வண்டிகள் எதிர்ப்படும். வில்செடெவுக்குச் சுற்றுலாக் கார் போகக்கூடாது. நடக்கலாம், சைக்கிளில் போகலாம், அல்லது இந்த வண்டியில் ஏறலாம். வண்டி போனபின் மணலில் இரண்டு ஆழமான தடம் விழும். அந்தத் தடத்தில் நடப்பதா, நடுவில் நடப்பதா என்பதே அன்றைய நாளின் பெரிய பிரச்சினை.

இப்போது அந்த மூதாட்டியின் வாக்கியத்துக்கு வருவோம். இந்த நிலம் இயற்கையாக எப்படி இருந்திருக்கும்? காடாக. ஓக், பிர்ச் மரங்கள் நிறைந்த காடு. புதிய கற்காலத்திலிருந்தே மனிதர்கள் அதை வெட்டியும் எரித்தும் ஆடுமாடு மேய்த்தும் வந்திருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் லூனெபுர்க் நகரத்தில் உப்பு காய்ச்சிய உலைகளுக்கு விறகு போய்த்தான் காடு அழிந்தது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உப்பாலை உண்மை, 1980 வரைக்கும் நடந்தது. விறகைத் தின்றதும் உண்மை. ஆனால் மரத்தை வெட்டினால் மட்டும் ஹைடெ வந்துவிடாது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் முளைக்கும். முளைக்க விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பட்டினி கிடந்த விவசாயி.

மணல் மண்ணில் சத்து நிற்காது. மழை அரித்துக் கீழே கொண்டுபோய்விடும். எரு போடாமல் ரை தானியம் விளையாது. எருவுக்கு எங்கே போவது? அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அகன்ற, கனத்த ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஹைடெவுக்குப் போவார்கள். செடியையும் வேரையும் வேரோடு ஒட்டிய மேல்மண்ணையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுவதுபோல உரித்தெடுப்பார்கள். இதற்குப் பிளாக்கன் என்று பெயர். வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து தொழுவத்தில் பரப்புவார்கள். ராத்திரி ஆடுகள் அதன்மேல் படுக்கும். சாணமும் மூத்திரமும் அதில் ஊறும். பிறகு அதை வாரிக்கொண்டு போய் வயலில் கொட்டுவார்கள். கிடை போடுவது உங்களுக்குத் தெரியும். ஆடு வயலுக்குப் போய்ப் படுக்கும். இங்கே வயலுக்குப் போகவேண்டியதை ஆட்டின் வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து போட்டார்கள்.

ஒரு பங்கு வயலைக் காப்பாற்றப் பல பங்கு ஹைடெவைச் சுரண்ட வேண்டியிருந்தது. உரித்த இடம் மறுபடி செடி மூடப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. முதுகை ஒடிக்கும் வேலை. மண் மேலும் மேலும் இளைத்தது. இளைத்த மண்ணில் வேறெதுவும் முளைக்காது. இந்தச் செடி மட்டும் முளைக்கும். ஒரு பக்கம் வயலை வாழவைக்க மறு பக்கத்தைச் சாகடித்தார்கள். செத்த பக்கம்தான் ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கிறது.

இதில் ஆட்டின் பங்கு தனி. ஹைட்ஷ்னுக்கெ என்று ஓர் இனம். உடம்பு சாம்பல் நிறம், முகமும் காலும் கறுப்பு. கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு. குட்டி பிறக்கும்போது முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர வளரத்தான் வெளுக்கும். வேறு ஆடு சீந்தாத இந்தக் கம்பிச்செடியைத் தின்றே உயிர்வாழும். செடியின் நுனியைக் கடிப்பதால் செடி புதிதாகத் துளிர்க்கும். கூடவே பிர்ச், பைன் கன்றுகளையும் கடித்துவிடுவதால் காடு திரும்பி வராது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: மந்தை நடந்துபோகையில் செடிகளுக்கு இடையிலான சிலந்தி வலைகள் அறுபடுமாம், தேனீக்கள் சிக்காமல் பூவுக்குப் போகுமாம்.

தேனீ என்றதும் அந்த மூதாட்டியின் மேசைக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன். அவரிடம் ஒரு புட்டி வாங்கினேன். மூடியைத் திறந்து சாய்த்தேன், ஒழுகவில்லை. கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவர் கரண்டியை எடுத்து நன்றாகக் கலக்கிக் காட்டினார். இளகியது. அப்படியே வைத்ததும் சற்று நேரத்தில் மறுபடி ஜெல்லியாக உறைந்தது. ஹைடெத் தேனின் குணம் அது. அடையிலிருந்து சாதாரணமாகச் சுழற்றி எடுக்கவும் வராது, பிழிய வேண்டும். லேசான கசப்பும் உண்டு. பழைய காலத்தில் வைக்கோலைத் திரித்துக் கூடை பின்னி, மேலே மாட்டுச்சாணம் மெழுகி, அதில் தேனீ வளர்த்தார்கள். கூரை போட்ட நீண்ட மாடங்களில் வரிசையாகக் கூடைகள். பூ இருக்கும் இடத்துக்குக் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தேனைவிட மெழுகுக்கு மவுசு. தேவாலயங்களுக்கெல்லாம் மெழுகுவர்த்தி வேண்டுமே!

ஒன்றரை மணி நேரத்தில் வில்செடெ வந்துவிடும். ஊர் என்று சொன்னால் ஏமாந்துபோவீர்கள். பெரிய ஓக் மரங்களுக்குக் கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். அவற்றில் ஒன்று அருங்காட்சியகம். பெயர், 'டாட் ஓலெ ஹூஸ்'. பழைய வீடு என்று அர்த்தம். அந்த வட்டாரப் பேச்சுவழக்கிலேயே வைத்திருக்கிறார்கள். ஹான்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த ஒரு விவசாயி வீட்டைப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டி, 1907ல் திறந்தார்கள். பள்ளி ஆசிரியர் பெர்ன்ஹார்ட் டாகெஃபோர்டெயின் முயற்சி அது.

உள்ளே கொஞ்சம் நிற்போம். வாசல் இரட்டைக் கதவு, வைக்கோல் வண்டி நேராக உள்ளே வரும் அகலம். உள்ளே ஒரே நீளக் கூடம். இரண்டு பக்கமும் மாடு, குதிரை கட்டும் கொட்டில்கள். தலைக்குமேல் பரண், அதில் விளைச்சல். கூடத்தின் கடைசியில் தரையோடு தரையாக அடுப்பு. அதற்கப்பால் மனிதர்கள் படுக்கும் அறைகள். மனிதன், மாடு, தானியம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. புகைபோக்கி கிடையாது. அடுப்பு மூட்டினால் புகை கூடம் முழுக்கச் சுற்றி, பரணுக்கு ஏறி, கூரை முகட்டில் ஆந்தை நுழையும் அளவுக்கு விட்ட ஒரு பொந்து வழியாக மெதுவாக வெளியேறும். அந்தப் பொந்துக்கு ஆந்தைப் பொந்து என்றே பெயர். போகிற வழியில் தொங்கவிட்ட பன்றித் தொடையைப் புகையூட்டும், பரணில் தானியத்தை உலர்த்தும், கூரையில் பூச்சி அண்டாமல் பார்க்கும். அத்தனை வேலையும் முடித்தபின் மிச்சப் புகை மனிதர்களின் கண்ணுக்கு.

நான் அடுப்புப் பக்கம் குனிந்து நின்றேன். அங்கே தீ மூட்டி எவ்வளவு காலம் ஆயிற்றோ! ஆனால் மேலே உத்தரத்தில் கையை வைத்தால் விரலில் கரி ஒட்டுகிறது. வெளியே வந்தபோது இன்னொரு சுற்றுலாப் பயணி தன் மனைவியிடம், "எவ்வளவு அமைதியான வாழ்க்கை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

சரி, இந்த வாழ்க்கை எப்படி முடிந்தது? ஒரே தலைமுறையில் மூன்று நான்கு அடி சேர்ந்து விழுந்தது. வேதியியல் அறிஞர் லீபிக் 1840ல் பயிரின் சத்தைப் பற்றி எழுதிய பிறகு, தென்னமெரிக்காவிலிருந்து பறவை எச்சமும், பிறகு மூட்டையில் செயற்கை உரமும் வந்தன. பிளாக்கன் வெட்ட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி கப்பலில் வந்தது; ஹைட்ஷ்னுக்கெயின் முரட்டு மயிரை வாங்க ஆளில்லை. சர்க்கரை மலிந்தது, தேனுக்கு விலையில்லை. ஹானோவர் அரசு 1866ல் பிரஷ்யாவின் கைக்குப் போனது. தரிசு நிலத்தில் பைன் நடுவதே லாபம் என்றார்கள். விவசாயிகள் சந்தோஷமாகவே விற்றார்கள், நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்த மண்வெட்டியைப் பிடித்தவர்கள் அவர்கள்தானே! ஊதாப்பூ அவர்களுக்கு அழகு இல்லை; வறுமையின் நிறம்.

அழகாகத் தெரிந்தது நகரத்துக்காரர்களுக்கு. ரயில் வந்தது, ஓவியர்களும் கவிஞர்களும் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்தது. நம் பாதைக்குத் திரும்புவோம். வில்செடெவிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு வருவீர்கள். சட்டி போலக் குழிந்த பள்ளம். சரிவெங்கும் செடி, நடுநடுவே ஜூனிப்பர் மரங்கள், ஆள் நிற்பதுபோல, கரும்பச்சையாக. மூடுபனி நாளில் பார்த்தால் ஒரு கூட்டம் ஊர்வலமாகப் போவதுபோலத் தோன்றும். பெயர் டோட்டன்குருண்ட்: செத்தவர் பள்ளம். வில்செடெவில் சாவு விழுந்தால் பிஸ்பிங்கன் தேவாலயத்துக்கு இந்த வழியாகத்தான் பெட்டியைத் தூக்கிப்போவார்களாம். அதனால் அந்தப் பெயர் என்பார் உண்டு. மண் செத்துக் கிடப்பதால் வந்த பெயர் என்பாரும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தில் ஓய்வு வீடுகள் கட்ட ஏற்பாடு நடந்தது. பக்கத்து ஊரான ஏகெஸ்டோர்ஃபில் வில்ஹெல்ம் போடெ என்று ஒரு பாதிரியார். அவர் காதுக்கு விஷயம் போனது. கையில் பணம் இல்லை. ஆனால் கடிதம் எழுதத் தெரியும், ஆட்களை நச்சரிக்கத் தெரியும். ம்யூன்ஸ்டரைச் சேர்ந்த பேராசிரியர் ஆண்ட்ரெயாஸ் தோம்சனைப் பிடித்து, 1906ல் 6000 மார்க் கொடுக்கவைத்துப் பள்ளத்தை வாங்கினார். மூன்று வருடம் கழித்து, 1909ல், மியூனிக்கில் இயற்கைப் பூங்காக்களுக்கான சங்கம் ஒன்று உருவானது. அது 1910ல் குன்றையும் வாங்கியது. 1921ல் அரசு அந்தப் பகுதியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. இன்று அதன் பரப்பு இருபத்து மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல்.

ஜெர்மனியின் ஆரம்பகால இயற்கைப் பாதுகாப்பு முயற்சிகளில் முக்கியமான ஒன்று இது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இயற்கை என்று சொல்லி அவர்கள் காப்பாற்றியது என்ன? மனிதன் சுரண்டிச் சுரண்டி உண்டாக்கிய ஒரு வெற்று நிலத்தை. அதை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது? வீடு கட்டுகிறவரிடமிருந்து மட்டுமா? மரங்களிடமிருந்தும்தான். வேலி போட்டுச் சும்மா விட்டால் முதலில் பிர்ச் முளைக்கும், பிறகு பைன், பிறகு ஓக். கொஞ்ச காலத்தில் இயற்கை உள்ளே வந்து, இயற்கைப் பூங்காவை விழுங்கிவிடும்.

இனி குன்று. வில்செடெவிலிருந்து மேற்கே, மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் ஒரு கல். கணித மேதை காஸ் நினைவாக வைத்தது. ஹானோவர் அரசை அளக்கும் வேலை 1820களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உயரமான இடம் ஒன்றிலிருந்து இன்னோர் உயரமான இடத்தைப் பார்த்து, கோணம் எடுத்து, முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோத்து நாட்டை அளக்க வேண்டும். இந்தத் தட்டையான பூமியில் பார்வைக்கோடு கிடைக்காமல் அவர் திண்டாடினார். தூரத்திலிருந்து தெரிவதற்காகச் சூரிய ஒளியைக் கண்ணாடியில் பிடித்து அனுப்பும் கருவி ஒன்றை 1821ல் அவரே செய்தார். அந்த வலையில் வில்செடெ குன்றும் ஒரு முடிச்சு. யூரோ வருவதற்கு முந்தைய பத்து மார்க் நோட்டின் முன்பக்கம் அவர் முகமும், பின்பக்கம் அவருடைய முக்கோண வலையின் ஒரு துண்டும் அச்சாகியிருந்தன. ஒரு தேசம் தன் சட்டைப்பையில் முக்கோணங்களை வைத்துக்கொண்டு காய்கறி வாங்கியிருக்கிறது!

உச்சியில் நின்றால் வானம் தெளிந்த நாளில் ஹாம்பர்கின் கோபுரங்கள் தெரியும். வடக்கே விழும் மழைத்துளி எல்பெ ஆற்றுக்குப் போகும். தென்மேற்குச் சரிவில் ஊறும் வ்யூம்மெ என்ற சிற்றாறு வேசர் நதியை நோக்கிப் போகும். எல்லாம் அமைதி. ஆனால் இந்த அமைதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. இதே ஹைடெவில், லூனெபுர்க் நகருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில், 1945 மே 4 அன்று வடமேற்கு ஜெர்மனியின் படைகள் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியிடம் சரணடைந்தன. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் டாங்கிகள் இந்தப் பாதுகாப்புப் பகுதியின் ஒரு பாகத்திலேயே பயிற்சி செய்தன. அது ஓய்ந்தது 1994ல். டாங்கிகள் உழுத இடங்களில் செடியே இல்லாமல் வெறும் மணல் பறந்ததாம். அதை மறுபடி ஹைடெவாக்கப் பல வருடம் பாடுபட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் இந்தக் குன்றிலிருந்து இறங்க எனக்கு மனம் வராது. இதே ஹைடெவின் தெற்குப் பகுதியில்தான் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் இருந்தது. பிரிட்டிஷ் படை அங்கே நுழைந்தது 1945 ஏப்ரல் 15. பல்லாயிரம் பேர் அங்கே செத்தார்கள். நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்க் அவர்களில் ஒருவர். நான் அங்கேயும் போயிருக்கிறேன். முகாமின் கட்டடம் எதுவும் மிச்சமில்லை. நீளநீளமான மண்மேடுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் கல்லில் எண்ணிக்கை மட்டும்: இங்கே ஆயிரம் பேர், இங்கே ஐயாயிரம் பேர், ஏப்ரல் 1945. அந்த மேடுகளின்மேல் வளர்ந்திருப்பது இதே செடி. ஆகஸ்டில் அங்கேயும் பூக்கும். இந்த மண்ணின் அழகைப் பாடியவர்களில் பெயர்பெற்றவர் ஹெர்மன் லோன்ஸ். முதல் உலகப் போரில், 1914ல் இறந்தவர். அவருடையவை என்று சொல்லப்பட்ட எலும்புகளை நாஜிகள் எடுத்துவந்து, 1935ல் இந்த ஹைடெவில் மறு அடக்கம் செய்தார்கள். மண்மேல் வைத்த பாசத்தை யார் எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று மண்ணுக்குத் தெரியாது. நடப்பவர்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் ஒருமுறை மந்தை எதிர்ப்பட்டது. முதலில் சத்தம்தான் வந்தது: நூற்றுக்கணக்கான வாய்கள் காய்ந்த தண்டை ஒடிக்கும் சத்தம், தூறல் ஓட்டில் விழுவதுபோல. மேய்ப்பர் கோலில் சாய்ந்து நின்றார். இரண்டு நாய்கள் ஓடியோடி விளிம்பை ஒழுங்குபடுத்தின. பேச்சுக் கொடுத்தேன். கம்பளியில் வருமானம் ஒன்றும் தேறாது என்றார். கறி கொஞ்சம் விற்கிறது. மற்றபடி, நிலத்தைப் பராமரிப்பதற்குக் கிடைக்கும் பொதுப்பணத்தில்தான் மந்தை நிற்கிறது. ஓநாய் வேறு திரும்பி வந்துவிட்டது. பக்கத்து ராணுவப் பயிற்சி நிலத்தில் 2012ல் குட்டி போட்டது. அதிலிருந்து ராத்திரியில் மின்வேலி, காவல்நாய் என்று செலவு கூடிவிட்டது. "ஆடு புல்வெட்டும் இயந்திரம். நான் அதன் ஓட்டுநர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆடு மட்டும் போதவில்லை. அந்தக் காலத்துப் பிளாக்கன் வேலையை இன்று இயந்திரம் செய்கிறது: மேல்மண்ணைச் செடியோடு உரித்தெடுக்கிறார்கள். இந்தச் செடி விட்டால் முப்பது நாற்பது வருடத்தில் மூப்படைந்து உள்ளிருந்து காய்ந்துவிடும். அதற்குள் கடிபடவோ வெட்டுப்படவோ எரிபடவோ வேண்டும். குளிர்கால முடிவில், தரை ஈரமாக இருக்கும்போது, துண்டு துண்டாகத் தீ வைக்கிறார்கள். இன்றைய காற்றில் தொழிற்சாலையும் வாகனமும் பண்ணைகளும் விடும் நைட்ரஜன் மழையோடு இறங்கி மண்ணுக்குத் தேவையில்லாத போஷாக்கைத் தருகிறது, புல் மண்டிவிடுகிறது. அன்று சத்துக்காகத் தவித்த மண்ணிலிருந்து இன்று சத்தை வெளியே எடுக்கப் பாடுபடுகிறார்கள். 2018, 2019 வறட்சியில் பெரும்பரப்பு பூக்காமலே பழுப்பாகிப்போனது. அதற்கு இயந்திரத்தாலும் மந்தையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த மூதாட்டி சொன்னதன் பொருள் இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும். அந்தக் காலத்து விவசாயி சோற்றுக்காகச் செய்ததை, இன்று சோறு நிறைந்த ஒரு சமூகம் வேண்டுமென்றே, செலவு செய்து, விடாமல் செய்கிறது. தேவை போய்விட்டது, வேலை மட்டும் மிச்சமிருக்கிறது. இதில் கொஞ்சம் நாடகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடகத்துக்குள் ஆட்டினமும் தேனீயும் பல்லியும் பறவையும் நிஜமாகவே உயிரோடிருக்கின்றன. பழமையைக் காப்பது என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய வீட்டை அப்படி வைக்கலாம். நிலத்தை வைக்க முடியாது. அதை யாராவது தினமும் மேய்த்தாக வேண்டும்.

உண்டெலோ வந்துவிட்டது. காலையில் பார்த்த அதே தேவாலயம், அதே மணிக்கூண்டு. பக்வீட் மாவில் செய்து, நடுவில் சிவப்புக் காட்டுப்பழ ஜாமும் க்ரீமும் வைத்த கேக் கிடைக்கும். பக்வீட்டும் ஏழை மண்ணில் விளையும் தானியம்தான்; இன்று துண்டு போட்டு, தட்டில் வைத்து, நல்ல விலைக்குத் தருகிறார்கள். சாப்பிடுங்கள். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தால் கைப்பிடி மணல் கொட்டும்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஆகஸ்டில் போகச் சொல்வார்கள். ஹாம்பர்கிலிருந்து புக்ஹோல்ட்ஸ் வரை ரயில், அங்கிருந்து பூக்காலத்துக்கென்று விடும் இலவசப் பேருந்து, எல்லாம் வசதி. போய் வாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் ஏப்ரலைத்தான் சொல்வேன். அந்த இலவசப் பேருந்து இருக்காது, பூ இருக்காது, கூட்டமும் இருக்காது. கருகிய தரையில் குனிந்து பார்த்தால், கரிக்கட்டையான தண்டின் அடியில், ஊசிமுனை அளவுக்குப் பச்சை தெரியும். பக்கத்திலேயே கறுப்புக் குட்டிகளோடு மந்தை நிற்கும். அந்தப் பச்சையைத் தின்னத்தான் அது வந்திருக்கிறது.